ஒந்தாரிபியா: அக்கரை பிரான்ஸ், இக்கரை கோட்டை

செப்டம்பர் 8ஆம் தேதியை ஒட்டி ஸ்பெயின் செய்திகளில் பல ஆண்டுகளாக ஒரு படம் வந்துகொண்டிருக்கிறது. கல் பாவிய பழைய தெரு ஒன்றில் சிவப்புத் தொப்பி வைத்த ஆண்களும் பெண்களும் துப்பாக்கி ஏந்தி அணிவகுத்து வருகிறார்கள். தெருவோரம் நிற்கும் உள்ளூர்க்காரர்களில் ஒரு பகுதியினர் கறுப்பு பிளாஸ்டிக் விரிப்புகளை உயர்த்திப் பிடித்து, முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஊரின் பெயர் ஒந்தாரிபியா. இதே பெயரைச் சுற்றுலாத் தளங்களில் தேடினால் பச்சையும் நீலமும் சிவப்புமாகச் சாயம் பூசிய மரப் பால்கனிகள், பூத்தொட்டிகள், தட்டில் மீன். இரண்டும் ஒரே ஊர்தானா என்று சந்தேகம் வருவது நியாயம்.

ஒரே ஊர்தான். இரண்டுக்கும் காரணமும் ஒன்றுதான்: ஊருக்கு முன்னால் ஓடும் ஆறு இரண்டு ராஜ்ஜியங்களுக்கு எல்லையாகிவிட்டது. மதில் எழுந்தது அதனால், அரச குடும்பத்துக் கல்யாணம் இங்கே நடந்தது அதனால், மீனவர்கள் மதிலுக்கு வெளியே குடியிருந்ததும் பெரிய அளவில் அதனால்தான். இதைத் தெரிந்துகொண்டு போனால், அரை நாளில் சுற்றி முடிக்கும் சிறிய ஊர் ஒரு முழு நாளை எடுத்துக்கொள்ளும்.

பெயர்க் குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடலாம். ஒந்தாரிபியா என்பது பாஸ்க் மொழிப் பெயர். இன்றைய அதிகாரப்பூர்வப் பெயரும் அதுதான். பழைய வரைபடங்களிலும் வரலாற்று நூல்களிலும் ஃபுவென்தெர்ராபியா என்ற ஸ்பானியப் பெயர் இருக்கும். வேறு ஊர் என்று நினைத்துவிட வேண்டாம்.

முதலில் ஆறு

பைரனீஸ் மலைத்தொடர் ஸ்பெயினையும் பிரான்சையும் ஒரு பெரிய சுவர் போலப் பிரிக்கிறது. கடலை நெருங்க நெருங்க அதன் உயரம் குறைந்து, மேற்குக் கோடியில் ஒரு வழி திறக்கிறது. பாரிஸிலிருந்து மாட்ரிட் போகும் பழைய பெருவழி இந்த இடுக்கில்தான் நுழைகிறது. படையும் இதே வழியில்தான் வரவேண்டும்.

அந்த வழியைக் குறுக்கே வெட்டி ஓடுவது பிதாசோவா ஆறு. அதன் கடைசிச் சில கிலோமீட்டர்தான் இரு நாட்டு எல்லை. கடலில் கலக்கும் இடத்தில் அது அகன்று சிங்குடி என்ற கழிமுகமாகிறது. கிழக்குக் கரையில் பிரான்சின் ஆந்தாய், மேற்குக் கரையில் ஒந்தாரிபியா, சற்று உள்ளே தள்ளி ரயில் சந்திப்பான இருன். இரண்டு கரையிலும் பரம்பரையாகப் பேசிவந்த மொழி பாஸ்க்தான். கரைக்காரர்களைக் கேட்டா அரசர்கள் கோடு போட்டார்கள்?

இந்தப் பகுதியைக் கொண்ட கிபுஸ்கோவா 1200ஆம் ஆண்டு, பின்னாளில் ஸ்பெயினின் பகுதியான காஸ்தில் அரசின் கைக்கு வந்தது. மூன்றே ஆண்டில், 1203இல், அரசர் எட்டாம் அல்போன்சோ ஒந்தாரிபியாவுக்கு ஊர் உரிமைப் பட்டயம் கொடுத்தார். அவசரத்துக்குக் காரணம் இருந்தது: காஸ்திலுக்குக் கடல் வாசலும் வேண்டும், எல்லையில் நம்பத்தகுந்த ஆட்களும் வேண்டும். சலுகை கொடுத்துக் குடியேற்றினால் இரண்டும் கிடைக்கும்.

கழிமுகத்தைப் பற்றி இன்னொன்று. இங்கே கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே 4 மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும் நாட்கள் உண்டு. ஏற்றத்தில் ஏரி மாதிரி நிறைந்திருக்கும் தண்ணீர், வற்றத்தில் மணல் திட்டுகளாகிவிடும். 1813 அக்டோபர் 7ஆம் தேதி காலை பிரிட்டிஷ் தளபதி வெல்லிங்டனின் படை நெப்போலியனின் பிரான்சுக்குள் நுழைந்தது இந்த மணல் வழியாகத்தான். எங்கே கால் வைத்தால் ஆழம் குறைவு என்று காட்டிக்கொடுத்தவர்கள் இறால் பிடிக்கும் உள்ளூர் மீனவர்கள். புறப்படுவதற்கான அடையாள வாணம் ஒந்தாரிபியா தேவாலயக் கோபுரத்திலிருந்து பறந்தது. ஆழமான ஆறு என்று நம்பிக் காவலைக் குறைத்து வைத்திருந்த பிரெஞ்சுக்காரர்களுக்கு விஷயம் புரிவதற்குள் படை அக்கரை ஏறிவிட்டது.

மதில்: இரண்டு காலத்துக் கணக்கு

பழைய ஊர் ஒரு சிறிய மேட்டின் மேல் இருக்கிறது. தெற்கே சாந்தா மரியா வாசல், மேற்கே சான் நிக்கோலாஸ் வாசல். பெரும்பாலோர் வாசலில் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு நேராக உள்ளே போய்விடுகிறார்கள். மதிலை முதலில் வெளியிலிருந்து, கீழே அகழி இருந்த இடத்தில் நடந்து பார்க்க வேண்டும். ஏனென்றால் போர்முறை எப்படி மாறியது என்பது இந்தக் கல்லிலேயே தெரிகிறது.

1. பீரங்கி வருவதற்கு முன் மதிலுக்கு உயரமே பாதுகாப்பு. எதிரி ஏணி வைத்து ஏறக்கூடாது, அவ்வளவுதான் தேவை. அதனால் மதில் உயரமாகவும் ஒப்பீட்டளவில் மெல்லியதாகவும் இருந்தது.

2. 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரும்புக் குண்டு சுடும் பீரங்கிகள் வந்தன. உயரமான மெல்லிய மதில் இவற்றுக்கு வசதியான குறி. அடிப்பாகத்தில் தொடர்ந்து அடித்தால் மேலே உள்ளது தானாகச் சரியும். எனவே மதில் தாழ்ந்தது, தடித்தது. இரண்டு கற்சுவர்களுக்கு நடுவே மண் நிரப்பினார்கள். மண் குண்டை விழுங்கிக்கொள்ளும்.

3. அடுத்த சிக்கல் கோபுரத்தின் வடிவம். வட்டமான கோபுரத்துக்கு முன்னால் ஒரு குருட்டு மூலை உண்டு. மதிலின் எந்தப் பகுதியிலிருந்து சுட்டாலும் குண்டு அந்த இடத்தில் விழாது. எதிரி அங்கே ஒண்டிக்கொண்டு அடியில் சுரங்கம் தோண்டலாம்.

4. அதற்குப் பதில்தான் கோணக் கொத்தளம். மதிலிலிருந்து முன்னே துருத்திக்கொண்டு, அம்பு நுனி போன்ற வடிவில், மேலே பீரங்கி வைக்க அகலமான தளத்தோடு இருக்கும். ஒரு கொத்தளத்தின் முகத்தை அடுத்த கொத்தளத்துப் பீரங்கி பக்கவாட்டில் துடைத்துவிடும். குருட்டு மூலையே கிடையாது.

ஒந்தாரிபியாவில் மூன்றாவதும் நான்காவதும் பக்கம் பக்கமாக நிற்கின்றன. கத்தோலிக்க அரசர்கள் என்று ஸ்பானியர் அழைக்கும் இசபெல், ஃபெர்னாந்தோ காலத்து மராமத்தில் வந்தவை பருத்த வட்டக் கோபுரங்கள். அடுத்து ஐந்தாம் கார்லோஸ் ஆட்சிக் காலத்தில் பிரான்சோடு ஓயாத சண்டை. 1521இல் பிரெஞ்சுப் படை ஊரைப் பிடித்து, 1524 வரை வைத்திருந்தது. அந்த அடிக்குப் பிறகு வந்தவை கோணக் கொத்தளங்கள். இவற்றில் அரசியின் கொத்தளம்தான் இன்று நன்றாக மிஞ்சியிருப்பது. பக்கவாட்டில் பீரங்கிகள் ஒளிந்திருந்து சுட்ட உள்ளறைகளை அங்கே பார்க்கலாம். துவாரத்தின் வழியாகக் கண்ணை வைத்துப் பாருங்கள், எதிரே தெரிவது கடலோ ஆறோ அல்ல, சொந்த மதிலின் முகம். பாடம் முழுக்க அந்த ஒரு பார்வையில் இருக்கிறது.

மற்ற பகுதிகள் ஏன் இடிந்து கிடக்கின்றன? காலம் செய்த வேலை கொஞ்சம்தான். 1794இல் பிரெஞ்சுப் புரட்சி அரசின் படை ஊரைப் பிடித்தபோது, இனி இது தொல்லை தரக்கூடாது என்று கொத்தளங்களை வெடி வைத்துத் தகர்த்தது. அதன் பிறகு யாரும் முழுதாகக் கட்டவில்லை. கட்டியிருந்தாலும் 19ஆம் நூற்றாண்டுப் பீரங்கிக்கு முன் நின்றிருக்காது.

1638: அறுபத்தொன்பது நாள்

ஊரின் எல்லாக் கதைகளும் வந்து நிற்கும் ஆண்டு இது. முப்பதாண்டுப் போரில் பிரான்ஸ் 1635இல் ஸ்பெயின் மீது போர் தொடுத்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1638 ஜூலை 1ஆம் தேதி, கொந்தே இளவரசர் இரண்டாம் ஆன்ரி தலைமையில் பிரெஞ்சுப் படை பிதாசோவாவைக் கடந்து ஒந்தாரிபியாவை வளைத்தது. கடலில் போர்தோ பேராயர் சூர்தியின் கப்பற்படை. (பேராயரே கப்பற்படைத் தளபதி. ரிஷிலியூ என்ற கர்தினால் பிரான்சை ஆண்ட காலத்தில் இதெல்லாம் சகஜம்.) ஆகஸ்ட் 22ஆம் தேதி கெதாரியா கடலோரத்தில் சூர்தி ஸ்பானியக் கப்பல்களை எரித்து அழித்தார். கடல் வழியாக உதவி வரும் என்ற நம்பிக்கை அன்றோடு போயிற்று.

மதிலுக்கு அடியில் சுரங்கம் தோண்டி வெடிமருந்து வைத்தார்கள். மதிலில் உடைப்பு விழுந்தது. உள்ளே புக வேண்டிய நேரத்தில் பிரெஞ்சுத் தளபதிகளுக்குள் மனக்கசப்பு. லா வலெத் பிரபு தாக்கச் சொன்னபோது தாக்கவில்லை என்பது பின்னால் அவர் மேல் வந்த குற்றச்சாட்டு. அவர் இங்கிலாந்துக்கு ஓடிப்போனார். ஆள் இல்லாமலே மரண தண்டனை விதித்தார்கள்.

செப்டம்பர் 7ஆம் தேதி, ஊருக்கு மேற்கே நிற்கும் ஹைஸ்கிபெல் மலைச் சரிவிலிருந்து ஸ்பெயினின் மீட்புப் படை இறங்கியது. முற்றுகையிட்டிருந்த படை சிதறி, பலர் ஆற்றைத் தாண்டி ஓடினார்கள். ஓடும்போது ஆற்றில் மூழ்கியவர்களும் உண்டு. கோட்டைக்குள் உயிரோடு மிஞ்சியவர்கள் சுமார் 300 பேர் என்பது ஊர் சொல்லும் கணக்கு.

இதன் விளைவுகள் இரண்டு. அரசர் நான்காம் பிலிப், ஊருக்கு நகரம் என்ற அந்தஸ்தையும், வீரமும் விசுவாசமும் கலந்த நீளமான பட்டத்தையும் கொடுத்தார். மற்றது ஊர்க்காரர்களே செய்துகொண்டது: பிழைத்தால் ஆண்டுதோறும் குவாதலூப்பே மாதா கோயிலுக்கு ஊர்வலமாக வருகிறோம் என்று முற்றுகையின் நடுவே நேர்ந்துகொண்டார்கள். பிழைத்தார்கள். நேர்த்திக்கடன் இன்றுவரை நடக்கிறது.

அலார்தே: தகராறு எதைப் பற்றி?

அந்த நேர்த்திக்கடன் ஊர்வலத்தோடு இன்னொரு வழக்கமும் சேர்ந்துகொண்டது. பாஸ்க் ஊர்களில் ஆண்கள் ஆயுதத்தோடு வந்து ஆஜர் கொடுக்கும் படைக்கணக்கெடுப்புக்கு அலார்தே என்று பெயர். இரண்டும் கலந்து உருவானதுதான் செப்டம்பர் 8ஆம் தேதி நடக்கும் திருவிழா. ஒவ்வொரு பேட்டைக்கும் ஓர் அணி. முன்னால் கோடாரிக்காரர்கள், பின்னால் குழலும் மேளமும், அப்புறம் துப்பாக்கி ஏந்தியவர்கள். காலையில் அணிகள் பெரிய தெருவில் ஏறி வந்து, கோட்டை முன்னுள்ள சதுக்கத்தில் வேட்டுப் போட்டுவிட்டு, மாதா கோயிலுக்கு மலையேறுகின்றன.

வழக்கப்படி ஒவ்வோர் அணியிலும் ஒரே ஒரு பெண்தான் இருப்பார். படைவீரர்களுக்குக் குடிக்கக் கொடுப்பவர் என்ற பாத்திரம், காந்தினேரா என்பார்கள். 1990களின் நடுவில், நாங்களும் மற்றவர்களைப் போலத் துப்பாக்கி ஏந்தி நடக்கிறோம் என்று சில பெண்கள் கேட்டார்கள். அங்கே ஆரம்பித்தது பிளவு. ஆணும் பெண்ணும் சேர்ந்த அணி ஹைஸ்கிபெல் என்ற பெயரில் உருவானது. எதிர்ப்பாளர்கள் விசிலடித்தார்கள், முதுகைத் திருப்பினார்கள், கறுப்பு பிளாஸ்டிக்கைத் தூக்கினார்கள். பொது நிர்வாகம் நடத்தும் விழாவில் ஆண், பெண் என்று பாகுபாடு காட்ட முடியாது என்று வழக்குகளில் வாதம் வலுத்ததும், வழக்கமான ஊர்வலம் தனியார் அமைப்பின் பொறுப்புக்கு மாறியது.

எதிர்ப்பாளர்களின் வாதம், 1638இல் இருந்தபடியே நடக்க வேண்டும் என்பது. இந்த வாதம் எனக்கு ஒட்டவில்லை. 1638இல் சிவப்புத் தொப்பியும் கிடையாது, காந்தினேராவும் கிடையாது. இரண்டும் 19ஆம் நூற்றாண்டில் ஒட்டிக்கொண்டவை. அப்போது சேர்த்துக்கொள்ள முடிந்த மரபால் இப்போது சேர்த்துக்கொள்ள முடியாதா? ஆனால் எதிர்க்கிறவர்களில் கணிசமானோர் பெண்கள் என்பதையும் சொல்ல வேண்டும். வெளியூர்க்காரர் வந்து எங்கள் வீட்டு விசேஷத்தைத் திருத்துவதா என்ற கோபம் அதில் நிறைய இருக்கிறது. இதை வெறும் ஆண்-பெண் சண்டை என்று மட்டும் எழுதும் செய்திகள் பாதியைத்தான் சொல்கின்றன.

அந்த நாளில் அங்கே இருக்க நேர்ந்தால் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: பெரிய தெரு குறுகலானது, வேட்டுச் சத்தம் கல்லில் மோதி இரண்டு மடங்காகக் கேட்கும். கைக்குழந்தையோடு போகிறவர்கள் சதுக்கத்தைத் தவிர்ப்பது நல்லது.

மாப்பிள்ளை வராத கல்யாணம்

பெரிய தெருவின் உச்சியில் மரியன்னை தேவாலயம். கட்டடம் 15, 16ஆம் நூற்றாண்டுகளின் கோதிக் வேலை, மேலே நிற்கும் கோபுரம் 18ஆம் நூற்றாண்டுப் பரோக் பாணி. வெளியே இருந்து பார்த்தால் இந்த இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாதவை போலத்தான் இருக்கும்.

1660 ஜூன் 3ஆம் தேதி ஸ்பானிய இளவரசி மரியா தெரேசாவுக்கும் பிரான்சின் பதினான்காம் லூயிக்கும் இங்கே திருமணம் நடந்தது. மாப்பிள்ளை வரவில்லை. அவருக்குப் பதிலாக நின்றவர் ஸ்பெயினின் முதன்மை அமைச்சர் லூயிஸ் தே ஆரோ. ஒரு ராஜ்ஜியத்தின் அரசர் இன்னொரு ராஜ்ஜியத்துக்குள் வந்து பெண் எடுப்பது மரியாதைக் குறைவு. மணமாகாத இளவரசி எல்லை தாண்டுவதும் முறையல்ல. பிரதிநிதியை வைத்துத் தாலி கட்டாத குறையாக முடித்து, மனைவி என்ற அந்தஸ்தோடு பெண்ணை அக்கரைக்கு அனுப்பினார்கள். ஆறு நாள் கழித்து, ஜூன் 9ஆம் தேதி, பிரான்சின் சென்-ஜான்-த-லூஸ் ஊரில் லூயியோடு நேரில் மறுபடி திருமணம்.

கல்யாணத்துக்குப் பின்னால் இருந்தது 1659 நவம்பர் 7ஆம் தேதி கையெழுத்தான பைரனீஸ் உடன்படிக்கை. கால் நூற்றாண்டுப் போர் அதில் முடிந்தது. ஸ்பானிய அரியணை மேல் மரியா தெரேசாவுக்கு இருந்த உரிமையை விட்டுக்கொடுப்பதாக ஏற்பாடு. அதற்கு ஈடாக 5,00,000 தங்க எஸ்கூதோ சீதனம். ஸ்பெயினால் அந்தச் சீதனத்தைக் கொடுக்க முடியவில்லை. சீதனம் வராதபோது விட்டுக்கொடுத்ததும் செல்லாது என்றது பிரான்ஸ். ஸ்பெயினின் கடைசி ஹப்ஸ்பர்க் வம்ச அரசர் 1700இல் வாரிசில்லாமல் இறந்ததும், மரியா தெரேசாவின் பேரன் ஐந்தாம் பிலிப் என்ற பெயரில் ஸ்பெயின் அரசரானார். அதை ஏற்காத நாடுகளோடு பதின்மூன்று ஆண்டுக்கு மேல் ஐரோப்பா முழுக்கப் போர். இன்றைய ஸ்பானிய அரச குடும்பம் அந்தப் பேரனின் வழி.

இதில் ஒரு வேடிக்கை. ஐந்தாம் பிலிப்புக்காக 1707இல் அல்மான்சாவில் போரிட்டு அரியணையைக் காப்பாற்றிக் கொடுத்த தளபதி பெர்விக் பிரபு. கூட்டணி மாறியதும், 1719இல், அதே பெர்விக் பிரெஞ்சுப் படையோடு வந்து அதே பிலிப்பின் ஒந்தாரிபியாவைப் பிடித்தார். கல்யாணச் சம்பந்தம் எல்லையைப் பாதுகாக்கும் என்ற கணக்கு இவ்வளவுதான் ஓடியது.

எது பழசு, எது பழசு மாதிரி?

சதுக்கத்தில் நிற்கும் கோட்டைக்கு ஐந்தாம் கார்லோஸ் பெயர். முகப்பு ஜன்னல் குறைந்த வெற்றுக் கற்சுவர். அலங்காரம் என்று எதுவும் கிடையாது. கிட்டே போய்ப் பார்த்தால் கல்லில் குண்டு பட்ட குழிகள் தெரியும். சதுக்கத்தைப் பார்த்த இந்த முகம் 16ஆம் நூற்றாண்டு வேலை. பின்னால் உள்ள பகுதிகள் அதைவிடப் பழையவை. 19ஆம் நூற்றாண்டில் பாழடைந்து கிடந்ததை அரசு சீர்செய்து, 1968இல் பாரதோர் என்னும் அரசு விடுதி வரிசையில் சேர்த்தது.

சற்றுத் தள்ளி கிபுஸ்கோவா சதுக்கம். கல் தூண்கள், மர உத்தரம், தாழ்வாரம், சுற்றிலும் வண்ண வீடுகள். வருகிறவர்கள் ஊரிலேயே மிகப் பழைய இடம் என்று நினைத்து இங்கேதான் அதிகம் படம் எடுப்பார்கள். இது 20ஆம் நூற்றாண்டில் பழைய பாணியில் கட்டிய சதுக்கம்! ஏமாற்று வேலை என்று ஒதுக்க வேண்டியதில்லை, கைத்திறன் நன்றாகவே இருக்கிறது. ஆனால் கோட்டைச் சுவரின் குழியையும் இந்தத் தூண்களின் நேர்த்தியையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்கக்கூடாது.

உண்மையான பழைய வீடுகளுக்குப் பெரிய தெருவுக்கே திரும்ப வேண்டும். பாஸ்க் பெயர் காலே நகுசியா. அண்ணாந்து பார்த்தபடி நடக்க வேண்டிய தெரு அது. செதுக்கிய மரத்தாலான இறவாரங்கள் இரண்டு பக்கமும் நீண்டு வந்து, வானம் ஒரு பட்டையாகத்தான் தெரியும். முகப்புகளில் குடும்பச் சின்னம் பொறித்த கல், இரும்புக் கிராதி வைத்த பால்கனி. ராணுவத்திலும் கடல் வாணிபத்திலும் பணம் சேர்த்த குடும்பங்களின் வீடுகள் இவை. சுலோவாகா மாளிகை அவற்றில் ஒன்று.

மதிலுக்கு வெளியே மரினா

இரும்புக் கிராதி உள்ளே, மரப் பால்கனி வெளியே. இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் ஊரின் சமூக அமைப்பு விளங்கிவிடும். மேட்டில் படையும் பணமும். கீழே தண்ணீர் ஓரத்தில் மீனவர் பேட்டையான மரினா. படகு, வலை, மீன் எல்லாம் கரையில் இருக்கும்போது மீனவர் மேட்டில் குடியிருந்து என்ன செய்வது? அதற்கு ஒரு விலையும் இருந்தது. முற்றுகை வந்தால் மதிலுக்கு வெளியே உள்ள வீடுகள்தான் முதலில் போகும். எதிரி ஒளிய இடம் கொடுக்கக்கூடாது என்று சொந்தப் படையே இடித்துவிடும். ஆகவே இங்கே இன்று பார்க்கும் வீடுகள் மதிலைவிட வயதில் சிறியவை.

படகுக்குப் பூசி மீந்த சாயத்தை வீட்டுக்கு அடித்தார்கள், அதனால்தான் இந்தப் பச்சையும் நீலமும் என்று ஊரில் சொல்கிறார்கள். சான் பெத்ரோ தெருவில் வரிசையாக இந்த வீடுகளும், அவற்றின் கீழ்த்தளங்களில் பின்ச்சோ கடைகளும் இருக்கின்றன. பின்ச்சோ என்பது குச்சி குத்திய, இரண்டு வாயில் முடிகிற சிறு தீனி. நின்றபடி ஒன்று சாப்பிட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போவதுதான் அங்கே வழக்கம். ஒரே இடத்தில் உட்கார்ந்து வயிற்றை நிரப்பினால் தெருவின் பாதி போய்விடும். வசந்த காலத்தில் நெத்திலி, கோடையில் வெள்ளைச் சூரை. சூரையைத் தூண்டில் கயிறு கட்டி இழுத்துப் பிடிக்கும் முறை இங்கே இன்னும் உண்டு. திமிங்கல வேட்டைக் காலத்தின் நினைவு ஊர்ச் சின்னத்தில் இருக்கிறது. அதில் ஒரு திமிங்கலத்தைத் தேடிப் பாருங்கள்.

மீனவர் சங்கத்துக்கு இடைக்காலத்திலிருந்தே தனிச் சட்டதிட்டம், தனிக் கணக்கு. சங்கத்தின் பத்திரங்கள் இருக்கும் மரப்பெட்டியைப் புதிய தலைவரின் பொறுப்பில் ஒப்படைக்கும் சடங்கு ஜூலை 25ஆம் தேதி நடக்கும். இளம்பெண் ஒருவர் பெட்டியைத் தலையில் சுமந்து, தெரு வழியாக ஆடிக்கொண்டே சுழன்று வருவார். செப்டம்பர் அலார்தேயைவிட இதைப் பார்க்கத்தான் நான் சிபாரிசு செய்வேன். கூட்டம் குறைவு, தகராறும் இல்லை.

ஆறு மாதத்துக்கு ஒரு நாடு

ஆற்றில் மேலே, இருனுக்கும் ஆந்தாய்க்கும் நடுவில், ஃபெசண்ட் தீவு என்ற சின்னத் திட்டு இருக்கிறது. சுமார் 200 மீட்டர் நீளம், 40 மீட்டர் அகலம். 1659 உடன்படிக்கை பேசப்பட்டது அங்கேதான். மறு ஆண்டு இரு அரசர்களும் சந்தித்தபோது ஸ்பானியப் பக்கத்து மண்டபத்தை அலங்கரிக்கும் பொறுப்பு ஓவியர் வெலாஸ்கெஸ் கையில் இருந்தது. ஊர் திரும்பிய சில வாரங்களில் அவர் இறந்துபோனார். பிப்ரவரி 1 முதல் ஜூலை 31 வரை தீவு ஸ்பெயினின் பொறுப்பு, ஆகஸ்ட் 1 முதல் ஜனவரி 31 வரை பிரான்சின் பொறுப்பு. சாதாரண நாட்களில் இறங்க அனுமதி இல்லை. கரையிலிருந்து பார்த்தால் மரங்களும் ஒரு நினைவுக்கல்லும் தெரியும். அதற்காக மட்டும் பயணத்தை நீட்ட வேண்டாம்.

அக்கரைக்குப் படகு, கையில் பாஸ்போர்ட்

மரினாவிலிருந்து ஆந்தாய்க்குச் சிறு படகு ஓடுகிறது. சில நிமிடப் பயணம்தான். ஆனால் போய்ச் சேரும் இடம் வேறு நாடு. தமிழ்ப் பயணிகளுக்கு அடிக்கடி குழப்பம் தரும் விஷயங்கள் இவை:

1. ஸ்பெயினும் பிரான்சும் ஷெங்கன் நாடுகள். ஸ்பெயினுக்கு எடுத்த ஷெங்கன் விசா அக்கரைக்கும் செல்லும். ஒருமுறை மட்டும் நுழையலாம் என்ற விசாவாக இருந்தாலும் படகில் போய்வருவது வெளியேறியதாகக் கணக்கில் வராது.

2. தனி விசா தேவையில்லை என்பதால் சோதனையே இருக்காது என்று அர்த்தம் அல்ல. 2015 முதல் பிரான்ஸ் தன் உள் எல்லைகளில் சோதனையைத் திரும்பக் கொண்டுவந்து, காலக்கெடுவை நீட்டித்துக்கொண்டே வந்திருக்கிறது. இருன், ஆந்தாய் பாலங்களிலும் ரயில் நிலையங்களிலும் போலீஸ் நிற்பது வாடிக்கை. பாஸ்போர்ட்டை விடுதிப் பெட்டகத்தில் வைத்துவிட்டுப் படகேறக் கூடாது. காகிதம் இல்லாத அகதிகளுக்கு இந்தச் சோதனையின் விளைவு கொடூரமானது. பாலத்தில் திருப்பி அனுப்பப்படுவதற்குப் பயந்து பிதாசோவாவை நீந்திக் கடக்க முயன்றவர்கள் பலர் 2021 முதல் மூழ்கி இறந்திருக்கிறார்கள்.

3. 2025 அக்டோபரில் தொடங்கிய ஐரோப்பிய நுழைவு-வெளியேற்றப் பதிவு முறையில் கைரேகையும் முகப்படமும் எடுப்பது ஷெங்கனின் வெளி எல்லையில்தான். மாட்ரிட் விமான நிலையத்தில் அது நடக்கும். ஒந்தாரிபியா படகுத்துறையில் நடக்காது.

4. பிரான்சில் வதிவிட அட்டை வைத்திருக்கும் ஈழத் தமிழர்கள் அட்டையோடு, பாஸ்போர்ட்டையோ பயண ஆவணத்தையோ சேர்த்துக் கையில் வைத்திருந்தால் இக்கரைக்கு வந்துபோகலாம். அகதி விண்ணப்பம் இன்னும் முடிவாகாதவர்களுக்கு அந்த உரிமை இல்லை. ஐந்து நிமிடப் படகு என்றாலும் சட்டத்தில் அது எல்லை தாண்டுவதுதான்.

5. ஒந்தாரிபியாவுக்கு ரயில் கிடையாது. பாரிஸ் மோன்பர்னாஸிலிருந்து வரும் அதிவேக ரயில் ஆந்தாய் வரை வரும், அங்கிருந்து படகு. சான் செபாஸ்தியானிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர், நேரடி பஸ் உண்டு. சான் செபாஸ்தியான் விமான நிலையம் என்று டிக்கெட்டில் இருப்பது உண்மையில் ஒந்தாரிபியாவில், மதிலுக்குக் கீழே, கழிமுகத்தின் ஓரத்திலேயே இருக்கிறது. அங்கே இறங்கி சான் செபாஸ்தியான் போய்விட்டு, மறுநாள் பஸ் பிடித்து இதே இடத்துக்குத் திரும்பி வருகிறவர்கள் நிறையப் பேர்.